மொட்டைமாடியில் நான் அழித்த கோடுகள்

திருவொற்றியூர்
17.9.2025, புதன்

அன்பு மகள் வினிதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நைனாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை வருவதற்கு முன்னால் வந்து எட்டிப் பார்க்கிறது. நீ அங்கே நலமா என்று எல்லோரும் வழக்கத்துக்குக் கேட்டு எழுதுவார்கள், நான் இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். போனில் கேட்கலாம்தான், ஆனால் கனடா நம்பர் என்றால் நைனா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவர் எதிரில் இதைப் பேச முடியாது.

பக்கத்து வீட்டு ஃபிர்தௌஸ் மாடியில் சோலார் பேனல் போட்டது உனக்குத் தெரியும். எட்டு பேனல். பிளான் போட்டுக் கொடுத்தது வேறு யார், அவள் மகள் சைமாதான். உன்னோடு ஒரே பஸ்ஸில் போய், ஒரே எலக்ட்ரிகல் படித்து, உன்னைவிட மார்க் குறைவாக வாங்கியவள். இப்போது டோல்கேட் பக்கத்தில் ஒரு சோலார் கம்பெனியில் இருக்கிறாள். எந்த மாடியில் எத்தனை பேனல், எந்தத் திசை பார்த்து, எவ்வளவு சாய்வாக என்று அளந்து வரைந்து கொடுக்கிற வேலை. முதல் கரண்ட் பில் வந்த அன்று ஃபிர்தௌஸ் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய் வந்தாள். "எம் பொண்ணு போட்டது மங்கை, ஏசி ஓடினுகீது, மீட்டரு அசைய மாட்டேங்குது" என்றாள். நான் சிரித்து வைத்தேன், வயிறு எரிந்தது. பேனலுக்காக இல்லை கண்ணு. சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் "சைமா வந்துட்டா" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு கதவைத் திறக்கப் போவாள் பார், அதற்குத்தான். நான் கதவைத் திறந்துவிட எனக்கு யார் வருகிறார்கள்.

நம் மாடிக்கும் போடச் சொல்லி நீ நேராக சைமாவிடமே பேசி முடித்துவிட்டு, கடைசியில்தான் எனக்குச் சொன்னாய். அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் திங்கட்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். எண்ணூர்ப் பக்கத்துத் தூசி படிந்துகொண்டே இருக்கும், துடைக்க ஆள் நடக்க வேண்டும் என்று கைப்பிடிச் சுவர் ஓரமாக வழி விட்டாள். நான் நெத்திலி காயப்போடுகிற மூலையையும் விட்டுவிட்டாள். கேட்டால், "அந்த மூலைய தொடாதன்னு வினி சொல்லிட்டா ஆன்ட்டி" என்கிறாள். பிறகு சாக்பீஸால் கோடு போட்டாள். எண்ணிப் பார்த்தேன், ஆறு கட்டம். "உங்க வூட்டுக்கு எட்டு, எங்க வூட்டுக்கு மட்டும் ஆறா?" என்று கேட்டே விட்டேன். அவள் கோபப்படவில்லை. "உங்க படிக்கட்டு ரூம் தெற்கால கீது ஆன்ட்டி. மார்கழில வெயிலு தெற்கால சாஞ்சி வரும், நெழலு இதுவரைக்கும் நீளும். ஒரு பேனல் மேல நெழலு வுழுந்தா வரிசையே மந்தமாயிடும். எங்க வூட்ல ரூம் வடக்கால, அதான் எட்டு" என்று நடந்து நடந்து காட்டினாள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சரி என்றிருப்பேன். "நீங்க ஏறித் துடைக்காதீங்க, ஆள் வச்சிக்கோங்க. ஆபரேஷன் ஆனதுலேர்ந்து வினிக்கு உங்க நெனப்பாவே கீது" என்றாள்.

எனக்குத் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டினேன். எந்த ஆபரேஷன் என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை. என் மகளைப் பற்றி நான் அவளிடமா கேட்பது? ஜூனில் ஒரு வாரம் போன் கேமரா கெட்டுப்போச்சு என்று முகம் காட்டாமல் பேசினாயே, அது ஞாபகம் வந்தது. அவள் படியிறங்கிப் போனதும் பழைய பாவாடைத் துணியை நனைத்து அவள் போட்ட கோடு அத்தனையும் அழித்தேன். சாக்பீஸை எடுத்து எட்டு கட்டம் நானே வரைந்தேன். எட்டு வேண்டும் என்று இல்லை, அவள் கை பட்டது இருக்கக்கூடாது என்று இருந்தது.

மறுநாள் ஆட்கள் வந்து, கோடு இருக்கிறதே என்று காங்கிரீட்டில் துளை போட்டுவிட்டார்கள். நாலு துளை ஆன பிறகுதான் சைமா வந்து பார்த்தாள். தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவள் மேனேஜருக்குப் போன் போட்டு, "நான்தான் சார் அவசரத்துல தப்பா மார்க் பண்ணிட்டேன்" என்றாள். அந்த ஆள் கத்தினது எனக்கே கேட்டது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போதும் எனக்குப் பொறாமைதான், ஃபிர்தௌஸ் எப்படி வளர்த்திருக்கிறாள் பார் என்று.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் துளைகளை அடைக்க அவளே வந்தாள். டீ கொண்டுபோய்க் கொடுத்து, நான்தான் அழிச்சேன் என்று சொல்லிவிட்டேன். "தெரியும் ஆன்ட்டி. ஒவ்வொரு கோட்டு முனைலயும் கோலத்துக்கு வைக்கிற மாதிரி சுழி வச்சிகீறீங்க. எந்த இன்ஜினீயரு சுழி வைப்பான்?" என்று சிரித்தாள். அப்புறம்தான் எல்லாம் சொன்னாள். குடல்வால் ஆபரேஷன் என்று. உன்னை உள்ளே அழைத்துப் போகும்வரை நாலு மணி நேரம் போனை வைக்கவிடாமல் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாயாம், அம்மா அம்மா என்று அழுதாயாம், "அம்மா கைல சொல்லிடாத, சாப்புடாம கெடப்பாங்க" என்று சத்தியம் வாங்கினாயாம். நீ என்னைக் கூப்பிட்டு அழுதது அவள் காதில் விழுந்திருக்கிறது வினி. அந்த நாலு மணி நேரம் என்னுடையது. அதை ஏன் அவளுக்குக் கொடுத்தாய்?

நேற்று ஆறு பேனலும் மாட்டி முடித்தார்கள். கரண்ட் ஆபீஸிலிருந்து வந்து மீட்டர் மாற்றினால் ஓட ஆரம்பிக்குமாம். உன் நைனா அதற்குள் ஐந்து தடவை மாடி ஏறிவிட்டார், "இன்னாடி இது, கண்ணாடி மாரி கீது" என்று கீழிறங்கி வந்து எனக்குச் சொல்கிறார். அவருக்கு ஆபரேஷன் விஷயம் தெரியாது, நீயே சொல். சைமாவைத் திட்டாதே. அவளுக்கு நேற்று நெத்திலி வறுவல் கொடுத்தனுப்பினேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய், ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் இன்னும் எனக்கு எரிகிறது. நான் சாப்பிடாமல் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகிறேன், பெற்றவளுக்கு அந்தப் பாத்தியதை உண்டு. இனிமேல் தலைவலி என்றாலும் முதல் போன் எனக்கு, இரண்டாவதுதான் சைமாவுக்கு.

வெயிட் எதையும் தூக்காதே. வடிவுடையம்மன் உன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளட்டும், என்னால்தான் முடியவில்லை. வருகிற ஞாயிறு எங்கள் காலை பத்து மணிக்கு நைனா முடி வெட்டிக்கொள்ளப் போவார். அப்போது கேமராவைப் போட்டு அந்தத் தழும்பை எனக்குக் காட்டு. சைமா பார்த்துவிட்டாளாம்.

உன்னைப் பெற்றவள்,
மங்கை