பால்கனிக் கிண்ணம்

அக்கா,

இன்று மருத்துவமனை வராந்தாவில் கேட்டாயே, "ஊரே கொசுவை ஒழிக்குது, நீ பெட்டி பெட்டியா வளர்த்து விடுறே. எங்க தெருவுல மட்டும் ஏன்டி அது வேலை செய்யல?" என்று. "தெரியலக்கா" என்றேன். டெங்குவோடு படுத்திருக்கும் பாப்பாவுக்கு ரத்தம் எடுக்க நர்ஸ் வந்ததால் பேச்சு அதோடு நின்றது.

நாங்கள் விடுபவை கடிக்காத ஆண் கொசுக்கள். மரபணுவை மாற்றியிருப்பதால் அவற்றுக்குப் பிறக்கும் பெண் கொசுக்கள் புழுப் பருவத்திலேயே செத்துவிடும். இதை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. பலன் தெரிய வேண்டுமானால் சில தெருக்களில் எதுவும் விடாமல் வைத்து ஒப்பிட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் உன் தெரு அப்படி விழுந்தது. சீட்டை எடுத்தது நான்தான். வீட்டுக்காரர்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி.

வாராவாரம் உன் பால்கனியில் நான் தண்ணீர் ஊற்றி வைத்த கறுப்புக் கிண்ணத்தில் கொசு முட்டைகளை எண்ணினேன். "சித்தி கிண்ணம், யாரும் தொடக் கூடாது" என்று பாப்பா காவல் இருப்பாள். போன மாதம் முட்டைகள் இரட்டிப்பாயின. வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்றும் நீ போட்ட டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மிகவும் களைத்துவிட்டேன், அக்கா. வீட்டுக்குப் போனதும் அந்தக் கிண்ணத்தைக் கொட்டிவிடு. அலுவலகத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன். நாளை வார்டுக்கு வருவேன். உள்ளே வராதே என்றால் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தங்கை