அப்பாவுக்குக் கட்டிய பை

என்னங்க,

கிள்ளானில் விடாத மழை. எனக்கு இன்னும் இருமல் நிற்காததால் ஐசியூ வார்டுக்குள் விடமாட்டார்களாம். எழுதிக் கொடுத்தால், நீங்கள் கண் திறக்காவிட்டாலும் உங்கள் காதோரம் வாசிப்பதாக அங்கே நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு தமிழ் மிஸ்ஸி சொன்னார்.

உங்கள் அப்பா நன்றாக இருக்கிறார். எண்பது தாண்டியவர், சர்க்கரை வேறு, பாதி நுரையீரலை சிகரெட்டுக்குக் கொடுத்தவர். அவருக்கு வெறும் தும்மலோடு போய்விட்டது. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட, வாரம் தவறாமல் பேட்மிண்டன் ஆடுகிற உங்களுக்குத்தான் இப்படி. டாக்டரிடம் கேட்டேன். "ஒரே ஃபுளூதான் ஆன்டி, ஆளுக்கு ஆள் மாறும்" என்றார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் வெளியூரில், செமினியில் வேலையாக இருப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். "அப்படி என்னம்மா வேலை? ஒரு போன் பண்ண முடியலயா லா?" என்று தோசையைத் தள்ளிவிட்டுத் திட்டுகிறார். உப்பில்லையாம்.

ஆம்புலன்ஸ் வந்த அவசரத்தில், அவருக்கு ஆஸ்பத்திரி போக நேர்ந்தால் என்று நாம் முன்கூட்டியே கட்டி வைத்திருந்த பையை உங்களோடு அனுப்பிவிட்டேன். அவருடைய கைலி, திருநீறு, பல்செட் டப்பா. நேற்று அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போதைக்கு இதெல்லாம் தேவைப்படாதாம். கைலி மடிப்புக் கலையாமல் இருந்தது.

அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு உங்கள் நீலக் கைலியை அனுப்புகிறேன். கட்டிலோரமாவது வைக்கச் சொல்லியிருக்கிறேன். உடுத்தி அழுக்காக்கித் திருப்பி அனுப்புங்கள். துவைக்க நான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி