இல்லை என்று நான் சொன்ன கடிதம்

போன வாரம் சிரம்பான் நில அலுவலகத்தில் என் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினேன். பாரோய் வீட்டை மகன் பெயருக்கு மாற்றும் வேலை. மையின் நெடி எழுந்ததும் எதிரே உட்கார்ந்திருந்த பெண் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. உன் சமையலறைப் பலகைதான் கண்ணுக்குள் வந்தது. அதன்மேல் ஒரு மைப்பெட்டி, சுற்றிலும் லயத்துப் பெரியவர்கள். ஒவ்வொருவர் கையையும் நீயே பிடித்து லயத்து நிலத்தைக் கேட்கும் மனுவில் ரேகை பதித்தாய். அந்த மைப்பெட்டியை ஆபீஸிலிருந்து எடுத்துவந்து கொடுத்தவள் நான். அந்தப் போராட்டத்தில் உனக்கு நான் செய்த ஒரே உதவி அதுதான்.

கோலா பிலாவுக்கு அருகே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்தோம். தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சு. நீ இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு நின்று, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போனாய். நான் தட்டச்சு படித்து அதே தோட்டத்து ஆபீஸில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணி ஆனேன். "கிராணியம்மா வராங்க, எந்திரிச்சு நில்லுங்க" என்று கேலி செய்வாய். அதில் பொறாமை இருந்ததில்லை. நம் லயத்திலிருந்து ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் என்று என்னைவிட நீதான் பெருமைப்பட்டாய்.

தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை நான்தான் தட்டச்சு செய்தேன். நீ அதை வாசலில் நின்றபடியே கடைசிவரை படித்தாய்.

"மலாய்ல ஒரு பிழைகூட இல்லடி. நீதானே அடிச்ச?"

தலையாட்டினேன். மறுநாளே பஸ் ஏறி நில அலுவலகத்துக்குப் போய் விசாரித்து வந்தாய். லயம், கோயில், சுடுகாடு எல்லாமே தோட்டத்தின் ஒரே பட்டாவுக்குள் இருந்தன. நம் பெயரில் ஒரு பிடி மண்கூட இல்லை. ஆனால் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில், பழைய துரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, லயத்திலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் உள்ள நிலம் தொழிலாளர்களுக்கு என்று சொன்னது உன் அப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அதை எழுதிக் கையெழுத்தும் போட்டதாகச் சொன்னார்.

"அந்த லெட்டர் ஆபீஸ்லதான்லா இருக்கணும். கொஞ்சம் தேடிப் பாருடி" என்றாய்.

தேடினேன். மூன்றாவது இழுப்பறையில், பழுப்பேறிய கோப்பில் இருந்தது. பதினோரு வரி. கீழே துரையின் கையெழுத்து, தோட்டத்து முத்திரை. நின்றபடியே இரண்டு முறை படித்தேன்.

அன்று மாலையே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என்னைச் சிரம்பான் தலைமை ஆபீஸுக்கு மாற்றப்போவதாகவும், பாரோயில் ஊழியர்களுக்கு ஒதுக்கும் வீடுகளில் ஒன்று எனக்கே சொந்தமாகும் என்றும் சொன்னார். பிறகு, "பழைய ஃபைல் எல்லாம் நாளைக்கு லாரியில போகணும். நீங்களே கட்டிடுங்க" என்றார். அவர் மிரட்டவில்லை. என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவும் இல்லை. அதை நானாகவே செய்தேன். ஒரு நகல்கூட எடுக்காமல், சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டேன்.

"தேடிட்டேன். இல்லடி" என்றேன் உன்னிடம்.

நீ என் முகத்தை உற்றுக்கூடப் பார்க்கவில்லை. "சரிலா. இருந்திருந்தா நீ கொண்டாந்திருப்ப" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் போய்விட்டாய்.

நீங்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட வழக்கில் ஆதாரம் கேட்டார்கள். உன் அப்பா சாட்சிக் கூண்டில் ஏறி, பெரட்டுக்களத்தில் கேட்டதை ஒரு சொல் மாறாமல் சொன்னார். எழுத்தில் இருக்கிறதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கிழவர் நம் பக்கம் திரும்பினார். நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உனக்குத் துணையாக வந்தவளாம்.

லயத்தை இடித்த நாளில் நான் பாரோயில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். நீ நாலாவது மாடியில் ஒரு வாடகை பிளாட்டுக்குப் போனாய். தொழிற்சாலையில் தரை துடைத்தாய். உன் அப்பா அங்கே ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கவில்லை. உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நான் பழம் வாங்கி வருவேன், நீ தேநீர் போடுவாய். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி, ஆபீஸில் இருந்தவர்கள்தான் நம்மை விற்றுவிட்டார்கள் என்றாள். "இவளச் சொல்லாத. இவ தேடிப் பாத்தா" என்று அவளிடம் சண்டைக்குப் போனாய். அன்று உன் தேநீரை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

உன் இறுதிச் சடங்கில் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ்ல நமக்குன்னு இருந்த ஒரே ஆளு நீங்கதான்னு அம்மா சொல்லுவாங்க, சித்தி" என்றாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் விரலில் மையோடு வெளியே வந்ததும் மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த நாலு மாடியும் ஏறினேன். உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை.

"அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே."

நான் விரலில் இருந்த மையைத் தேய்த்தேன். பிறகு அவளே கேட்டாள்.

"அதுல சுடுகாடு பத்தி ஏதாச்சும் எழுதியிருந்துச்சா?"

லயம் இருந்த இடத்தில் இன்று இரட்டை மாடி வீடுகள். மிஞ்சியிருப்பது சுடுகாட்டு மேடு ஒன்றுதான். அதையும் தோண்டப்போகிறார்கள் என்று உன் மகள் மனுவோடு அலைகிறாள். எனக்கு அதுவரை தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"ஆறாவது வரி" என்றேன்.

பேனாவும் தாளும் எடுத்துவந்தாள். பதினோரு வரியையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. அவள் எழுதி முடித்துத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இதைச் சத்தியப் பிரமாணமா எழுதிக் குடுப்பீங்களா?" சித்தி என்ற சொல் இல்லை.

வரும் திங்கட்கிழமை கோலா பிலாவில் கையெழுத்துப் போடுகிறேன். அன்று லாரியில் போன மூலக் கடிதம் இல்லாமல், ஒரு கிழவியின் ஞாபகம் எவ்வளவு தூரம் செல்லும் என்று வக்கீலுக்கே சந்தேகம். போகும் வழிதானே, காரில் ஏற்றிக்கொள்கிறேன் என்று உன் மகளிடம் சொன்னேன்.

"வேணாம். நான் பஸ்ல வந்துர்றேன்" என்றாள்.