ரப்பர் பேண்ட் சொன்ன சாட்சி

என் அன்பு மனைவிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும், வானத்தை அளக்க நீ பறக்கவிடும் பலூன்களும் அந்தத் தென்துருவப் பனிக்காட்டில் நலம்தானே? பேனா பிடித்தாலே விரல் விறைக்கிறது என்று எழுதியிருந்தாய். கையைச் சூடாக்கிக்கொண்டு, உட்கார்ந்து இதைப் படி. ஜெயித்துவிட்டோம்!

எங்கள் அலுவலக ஜெராக்ஸ் அறை உனக்குத் தெரியும். நான்கு மெஷின்கள், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மின்னல் வெட்டியதும் காற்றில் வருமே, அப்படி ஒரு சுள்ளென்ற வாசனை அங்கே எப்போதும் இருக்கும். புதுத் தாளின் வாசனை என்று நானே பலரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். என் தலைவலிக்கும் நீ ஊரில் இல்லாததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

அதே அறையில் பைண்டிங் செய்யும் அக்காவின் இருமல்தான் பெரிய பேச்சானது. நாலைந்து மாதங்களுக்கு முன் மேனேஜர் எல்லோர் முன்னாலும், "உங்க வியாதிய மத்தவங்களுக்கு ஒட்டவச்சிடாதீங்கம்மா, மாசக் கடைசியோட நின்னுக்குங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அன்று மாலையே உனக்கு எழுதினேன்.

அந்த வாசனை ஓசோன்தான் என்று நீ பதில் போட்டாய். உயரே இருந்தால் வெயிலின் கொடிய கதிர்களிடமிருந்து நம் தோலைக் காக்குமாம். மூக்குக்கு நேரே இருந்தால் நெஞ்சைப் புண்ணாக்குமாம். பழைய ஃபிரிட்ஜும் ஸ்ப்ரே டப்பாவும் விட்ட வாயு மேலே இருப்பதைத் தின்கிறது, கீழே நம் மெஷின்களே அதைச் செய்து தள்ளுகின்றன என்றும் எழுதியிருந்தாய். இழுத்து மாட்டிய ரப்பர் பேண்டை ஓசோன் வெடிக்க வைக்கும் என்ற கடைசி வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த ரப்பர் பேண்டுகளை இரண்டு அட்டைப்பெட்டிகளில் இழுத்து மாட்டினேன். ஒன்றை மெஷினுக்குப் பின்னால் வைத்தேன், மற்றதை மாடிப்படி அலமாரியில். எட்டாம் நாள் மெஷின் பக்கம் இருந்ததில் எல்லாம் குறுக்கே கோடு கோடாக விரிசல். அலமாரியில் இருந்தவை கழற்றிய கையைச் சுளீரென்று அடித்தன.

மேனேஜரிடம் காட்டினேன், நம்பவில்லை. "சீப் ரப்பரு, அது அப்படித்தான் போகும்" என்றார். "அப்போ நீங்களே மாட்டிப் பாருங்க சார்" என்றேன். வீம்புக்கு அவரே கடையில் உயர்ந்த ரகமாக வாங்கி, ஒன்றை மெஷினுக்குப் பின்னாலும் ஒன்றைத் தன் மேஜைக் காலிலும் மாட்டினார். அடுத்த வாரம் மேஜைக் காலில் இருந்தது அப்படியே இருக்க, மெஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்தவர் கையில் மற்றது இரண்டு துண்டாக வந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ! உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் வந்து மெஷின்களின் பின்பக்கத்தைத் திறந்தார். ஓசோனை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் ஃபில்டரை ஆறு வருடமாக யாரும் மாற்றவில்லை. மேலே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. இப்போது நான்குக்கும் புது ஃபில்டர். சுவரை உடைத்து ஜன்னலும் வைத்தாயிற்று, காற்றை வெளியே தள்ள ஃபேனும் வந்துவிட்டது. மேனேஜர் அக்காவின் வீட்டுக்கே போய், "தப்பு என்மேலதான், வந்துடுங்கம்மா" என்று கூப்பிட்டார். அக்கா வந்து இரண்டு வாரமாகிறது. நேற்று எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு இருமல்கூட வரவில்லை! நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். எதற்கென்று தெரியாமல் அவரும் தட்டினார்.

இன்னும் ஒரு வருடம் அங்கே இருக்கச் சொல்கிறார்கள், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். நீ கிளம்பிய அன்று, "வானத்துல ஓட்டைன்னா உனக்கென்ன?" என்று கேட்டுவிட்டு, வழியனுப்பக்கூட வராமல் படுத்துக் கிடந்தவன் நான். உயரே ஓசோனில் விழுந்த அந்த ஓட்டை மெல்ல ஆறிவருகிறது என்கிறாய். அது ஆறுவதை அளக்க ஆள் வேண்டாமா? இருந்து அளந்துவிட்டு வா. ராஜாத்தி மாதிரி நன்றாக இரு. நீ இறங்கும் நாளை மட்டும் முன்கூட்டியே எழுது. இந்தத் தடவை, விடியும் முன்பே வந்து நிற்பேன்.

என்றும் உன்னவன்.