மணி அடித்தால் கட்டிலுக்கடியில்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி? வாய் நலமென்று தெரியும். ஒரு வெட்கக்கேடு: நீ போன் செய்தபோதெல்லாம் வேலை என்றது பொய். கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தேன்.

ஆலையில் அபாயமணி அடித்த அன்று, விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரர் எந்திரத்தில் சிக்கிப் போய்ச் சேர்ந்தார். எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் எந்த மணி அடித்தாலும் உடம்பு பதுங்குகிறது.

சோறு வைக்கும்போதெல்லாம் மணியடித்தால், பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறுமாம். மனநல டாக்டர் சொன்னார்.

"அப்ப நான் நாயா சார்?"

"எல்லாருந்தாங்க."

கெடுதல் நடக்காமல் மணி கேட்டுக் கேட்டுத்தான் பயம் தெளியுமாம். அடுத்த வாரத்திலிருந்து தினமும் கூப்பிடு. எடுக்காவிட்டாலும் கூப்பிடு. பக்கத்துக் கட்டில் காலி.

ஆலை வண்டி வந்துவிட்டது.

உன் வீராதி வீரன்

பி.கு.: நேற்று தைரியமாகப் போனை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். நீ கூப்பிட்டாய். போன் குழம்பில் விழுந்துவிட்டது; பழுதுபார்த்து அடுத்த வாரம்தான் வரும். அதனால்தான் கடிதம்.