ஒன்றும் செய்யாத வரி

ஜனவரி 14
இங்வில்ட், மகளே, என் வெஸ்லா, என் பொடிசே, நீ கண்ணை மூடி நாலு மாதம். கம்பெனியில் உன் மேசையை இன்று புது ப்ரோகிராமர் எய்வினுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கீழே என் பெஞ்சில் வழக்கம்போல் மீன்பண்ணை அலாரப் பெட்டிகளின் சர்க்யூட் பலகைகளில் சிப் பற்றவைத்தேன்.

ஜனவரி 22
காபி வேளையில் எய்வின் சொன்னான்: "இங்வில்ட் எழுதினதுல ஒரு வரி சும்மா கிடக்கு. மெமரில ஒரு அட்ரஸைப் படிக்குது, படிச்சதைத் தூக்கிப் போட்டுடுது. வெட்டிட்டேன்."
பழுப்புச் சீஸ் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டேன். சும்மா ஒரு வரி எழுதுகிறவளா நீ?

ஜனவரி 29
சோதனைத் தொட்டியில் ஆக்சிஜன் குறைந்ததும் அலாரம் அடித்தது. மறுபடி குறைத்தார்கள் — சத்தமே இல்லை. கடலில் என்றால் வலைக்கூண்டில் வளர்க்கும் சால்மன் மீன் மொத்தமும் செத்திருக்கும்.
முதலாளி சிஸ்ஸெல், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. சரியாகலைன்னா இங்வில்ட் ப்ரோகிராமைத் தூக்கிட்டுப் புதுசா எழுதுங்க" என்றாள்.
உன் ஆறு வருஷத்தையா? விடுவேனா?

ஜனவரி 30
உருளைக்கிழங்கு உரிக்கும்போது நினைவு வந்தது. இதே அடுப்படியில் நின்று அந்த வரியைப் பற்றிச் சொன்னாயே: "அந்த அட்ரஸ் நம்பர்ல மெமரி இல்லம்மா, நீ பத்தவெக்கிற சிப்புதான் இருக்கு. அந்த அட்ரஸைப் படிச்சாலே போதும், 'சரி, பார்த்துட்டாங்க'ன்னு தூக்கின எச்சரிக்கைக் கொடியை இறக்கிடும். படிக்கலைன்னா அடுத்த தடவை அலாரத்துக்குச் சேதி சொல்லாது."

ஜனவரி 31
எய்வினிடம் போனேன்.
"அந்த வரியைத் திரும்பப் போடுப்பா."
"என்ன குன்வோர், ப்ரோகிராம் எழுதவும் ஆரம்பிச்சிட்டீங்களா?"
"ஒன்பதாவதோட படிப்பை விட்டவ நான். ஆனா அந்தச் சிப்பை நாலாயிரம் பத்தவெச்சிருக்கேன். படிச்சாத்தான் அது மறுபடி வாயைத் திறக்கும். அந்தச் சிப்போட விவரப் புத்தகத்தைப் பாரு."
பார்த்தான். காது வரை சிவந்துவிட்டான்.
வரியைப் போட்டுத் தொட்டியில் ஆக்சிஜனைக் குறைத்தான். அலாரம் அடித்தது. மறுபடி குறைத்தான், அடித்தது! பதினோரு தடவை அடித்தது. சிஸ்ஸெல் ஓடிவந்தாள்: "நிறுத்துங்கப்பா, காது போகுது!"
சிரித்தேன். நீ போனபிறகு முதல் தடவை.

பிப்ரவரி 4
நாற்பது அலாரப் பெட்டிகள் ஃப்ரோயா தீவு மீன்பண்ணைக்குப் போகின்றன. எல்லாவற்றிலும் ஓடுவது உன் நிரல்தான். அந்த வரிக்கு மேலே எய்வின் எழுதியிருக்கிறான்: 'இதை எடுக்காதே. ஒருமுறை எடுத்த முட்டாள் நான்.'
நீ மட்டும் ஏன்டி அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதவில்லை? அம்மாவுக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்தாயா?