டெய்லர் கடைச் சகுன நோட்டு

அண்ணே,

நேற்று பக்கத்து வீட்டுப் பெண் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. மந்திரம் கூடாது, திதி கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போன மனுஷருக்குக் கடிதம் எழுதுகிறாயே, அது எங்கே போய்ச் சேரும் என்று கேட்பீர்கள். எங்கேயும் சேராது, தெரியும். எழுதத் தோன்றுகிறது, எழுதுகிறேன்.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதாம் வருடம் வாக்கில் இருக்கும். உத்திரமேரூர் பஜார் தெருவில் உங்கள் தையல் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவுப் பலகையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே மன்றம் கூடும். 'கேள்வி மன்றம்' என்று நீங்களே பெயிண்டில் எழுதி மாட்டியிருந்தீர்கள். ஊர் வைத்த பெயர் சாமியில்லாத சங்கம். மொத்தமே நாலு பேர். நீங்கள், ஆரம்பப் பள்ளி வாத்தியார், நெல் மண்டி குமாஸ்தா, அப்புறம் காவாந்தண்டலத்திலிருந்து நடந்தே வரும் சவரிமுத்து. அவர் கூலி வேலை செய்கிறவர். கோயிலில் வாசலோடு நில் என்கிறான், சர்ச்சில் தனியாக உட்கார் என்கிறான், எனக்கு இரண்டுமே வேண்டாம் என்று வந்து சேர்ந்தவர்.

நான் உறுப்பினர் இல்லை. உங்கள் கடைச் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுக்கிறவள். கொடுக்க வரும் சாக்கில் மூலையில் உட்கார்ந்து நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இருபத்திமூன்று வயது எனக்கு. கல்யாணமான இரண்டாம் வருடம் வீட்டுக்காரரை வயலில் பாம்பு கடித்து, தாய்வீட்டுக்குத் திரும்பியிருந்தேன்.

உங்கள் மன்றத்துக்கு ஒரே விதி. எதையும் வாயால் மட்டும் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. செய்து பார்த்து எழுத வேண்டும். கிரகணத்தன்று நாலு பேரும் கடையில் உட்கார்ந்து வடை தின்றீர்கள். மறுநாள் வாத்தியாருக்கு வயிற்றால் போயிற்று. ஊர் சிரிக்கும், எழுத வேண்டாம் என்று அவர் கெஞ்சினார். நீங்களா விடுவீர்கள்! 'வாத்தியார், வடை பதினொன்று, பேதி' என்று கொட்டை எழுத்தில் எழுதினீர்கள். மடியிலிருந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்காரர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அப்புறம் வந்தது சகுன நோட்டு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் 'எதிரே வந்தது', அந்தப் பக்கம் 'நடந்தது'. ஆளுக்கொரு நோட்டில் மூன்று மாதம் எழுதி, சகுனம் உண்மையா என்று பார்த்துவிடுவது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நீங்கள் பட்டியலை வாசித்தீர்கள். பூனை, விறகுக் கட்டு, எண்ணெய்க் குடம். அங்கே கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்க்காமல், கைம்பெண் என்று வாசித்தீர்கள்.

அந்த மூன்று மாதம் எனக்கு எப்படிப் போனது தெரியுமா? காலையில் தம்பி வண்டி பூட்டிக்கொண்டு கிளம்பும்வரை நான் அடுப்படியை விட்டு வரக் கூடாது. அதற்குப் பிறகுதான் கிணற்றுக்குக் குடத்தை எடுப்பேன். தெருவில் ஆள் தெரிந்தால் நானே சுவரோரம் ஒதுங்கி நிற்பேன். திடீரென்று ஒருநாள் வாத்தியார் சைக்கிளில் நேர் எதிரே வந்தார். இன்னொரு நாள் குமாஸ்தா நின்று, சௌக்கியமா என்று கேட்டார். நீங்களும் வந்தீர்கள். ஊர் மாறிக்கொண்டு வருகிறது என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் ஒதுங்காமல் நடுத்தெருவிலேயே நடந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் அண்ணே எனக்கு.

மூன்று மாதம் கழித்து நோட்டுகளைப் பிரித்தீர்கள். பூனை வந்த நாளும் வராத நாளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கைம்பெண் வந்த நாளும் அப்படியே. டீ வரவழைத்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். என்னைப் போன்றவர்கள் காலையில் வெளியே தலைகாட்டுவதே இல்லையே, உங்களுக்கு மட்டும் எப்படி இத்தனை பேர் எதிரே வந்தார்கள் என்று. சவரிமுத்துதான் சொன்னார்.

"எல்லாம் நீதாம்மா. நீ கெணத்துக்குப் போற நேரம் பாத்து வந்தாங்கோ. நான் அந்தத் தெருவுல நடக்க முடியாது. அதனால என் நோட்டுல அந்த எடம் காலியா கீது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சௌக்கியமா என்று கேட்டதுகூட நோட்டுக்காகத்தானா?

"என் எதுக்கால நீங்கல்லாம் வந்தீங்களே, எனக்கு இன்னா நடந்துச்சுன்னு எந்த நோட்டுல கீது?" என்று கேட்டேன். "சாதா நாள்ல வந்தா இன்னா பெருசு? உங்க வூட்டு நல்ல காரியத்துக்கு என்னை எதுக்கால நிக்க வெப்பீங்களா?"

அதற்கப்புறம் நான் கடைப்பக்கம் வரவில்லை.

உங்கள் வீட்டில் அண்ணி அப்போது நிறைமாசம். முன்னே இரண்டு தங்கவில்லை, அதனால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்விடுவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் நீங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். தப்புப் பண்ணிட்டோம் தங்கச்சி என்றீர்கள். நாளைக்கு வண்டி கிளம்பும்போது நீ எதிரே வரலாமா என்று அண்ணியிடம் கேட்டீர்களாம், வரச் சொல்லுங்க என்றாளாம். உனக்கு இஷ்டம் இருந்தால் மட்டும் வா, இது நோட்டுக்கு இல்லை என்றீர்கள்.

இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. வண்டிச் சத்தம் கேட்டதும், அவ்வளவு வாய் பேசினவள், அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். சகுனம் பொய்தான். ஆனாலும் அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால்? அண்ணிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி வந்து, வெயில் ஏறுது, வரியா இல்லியா என்று அதட்டினாள். வந்தேன். வண்டிக்கு எதிரே நடந்தேன்.

குழந்தை செத்துப் பிறந்தது.

கிணற்றடியில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அம்மா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவர்கள் சொன்னதை நானும் நம்பினேன் அண்ணே. மன்றத்தில் கேட்டதெல்லாம் எங்கே போனதோ, முழுசாக நம்பினேன்.

நீங்கள் செங்கல்பட்டு பஸ்ஸை விட்டு இறங்கி, உங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தெருவே கூடிவிட்டது. பையிலிருந்த சகுன நோட்டைப் பிரித்து, இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்தீர்கள். சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினீர்கள். எதிரே வந்தது, தங்கச்சி. நடந்தது, குழந்தை செத்துப் பிறந்தது. காரணம், கொடி கழுத்தைச் சுற்றி இறுகியது.

"டாக்டரம்மா சொன்னாங்கோ. மூணு மாசம் எழுதிக்கினு இருந்தோம், இந்த ரெண்டாவது கோட்டப் போடணும்னு ஒருத்தனுக்கும் தோணல," என்றீர்கள். அத்தனை பேர் எதிரில் அழுதீர்கள்.

அந்த நேரத்தில் போய் நான் ஒன்று கேட்டேன் பாருங்கள். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கொடி எப்படி அண்ணே சுற்றும் என்று கேட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "தெர்ல. போய்க் கத்துக்கினு வந்து எனக்குச் சொல்லு."

மருத்துவச்சிப் பயிற்சிக்கு வாத்தியார்தான் மனு எழுதினார். படித்து முடித்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மன்றத்தில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து நீங்கள் நாலு பேரும் தரையில் உட்கார்ந்தீர்கள். குழந்தை உள்ளே புரளும்போது கொடி சுற்றிக்கொள்ளும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலதுக்குத்தான் இறுகிவிடும், அது ஏன் என்று டாக்டருக்கும் முழுசாகத் தெரியாது என்றேன். தெரியாது என்பதையும் எழுதிக்கொண்டீர்கள்.

முப்பது வருடம் இந்தத் தாலுகா முழுக்கச் சுற்றிப் பிரசவம் பார்த்தேன். என் வெறும் நெற்றியைப் பார்த்து முகம் சுளித்த மாமியார்கள் உண்டு; மருமகளுக்கு வலி ஏறினதும் அவர்களே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள். தலை வெளியே வந்ததும் மற்ற எதற்கும் முன்னால் என் விரல் கழுத்துக்குப் போகும். கொடி இருந்தால் மெல்லத் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவேன். கண் திறக்கிற குழந்தைக்கு முதலில் எதிரே நிற்கிறவள் நான்தான்.

ரிட்டயராகி எவ்வளவோ காலம் ஆயிற்று. இப்போதும் யாராவது கைக்குழந்தையை நீட்டினால், நான் முகத்தைப் பார்ப்பதற்குள் என் விரல் அதன் கழுத்தைச் சுற்றித் தடவிவிடுகிறது, அண்ணே.